பழைய குப்பைமேடுகளில் பாட்டில் தேடுவோர்

[திரையில்: ஆள் உயரக் குழியின் செங்குத்தான பக்கச்சுவர். கறுப்பும் சாம்பலும் செம்பழுப்பும் மாறிமாறிப் படிந்த பட்டைகள்.]

இங்கிலாந்தின் பழைய தொழில் நகரம் ஒன்றின் விளிம்பில் தோண்டப்பட்ட குழி இது. மேலே ஒரு முழம் அளவுக்குச் சாதாரண மண். அதன் கீழே தொடங்குவதை மண் என்று சொல்வதற்கில்லை. அது நிலக்கரிச் சாம்பல். அந்தச் சாம்பலுக்கு நடுவே சிப்பி ஓடுகளும் எலும்புத் துண்டுகளும் பீங்கான் சில்லுகளும் தெரிகின்றன. சுவரின் நடுப்பகுதியைக் கூர்ந்து பார்த்தால், வட்டமான பச்சைக் கண்ணாடி ஒன்று வெளியே எட்டிப்பார்ப்பதைக் காணலாம். அது ஒரு பாட்டிலின் அடிப்பாகம். நூறாண்டுகளுக்கு முன் யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டில், கீறல்கூட விழாமல் அங்கேயே கிடக்கிறது.

இத்தகைய பாட்டில்களைத் தேடித் தோண்டுவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலருக்குப் பொழுதுபோக்காக இருக்கிறது. அவர்கள் எங்கே தோண்டுகிறார்கள், கிடைத்ததன் வயதை எப்படிக் கணிக்கிறார்கள், இதில் உயிருக்கே ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பிரிட்டனின் குப்பைமேடுகளை வைத்து இந்தக் காணொளியில் பார்க்கலாம்.

எளிதில் உடையும் பொருளான கண்ணாடி, வண்டியிலிருந்து கொட்டப்பட்டும் இத்தனை காலம் எப்படி முழுதாகத் தாக்குப்பிடித்தது என்ற கேள்வி முதலில் எழுகிறது. விடை அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் வீடுகளில் சமையலுக்கும் குளிர் காய்வதற்கும் நிலக்கரியே எரிந்தது. காகிதம், கந்தல், காய்கறித் தோல் என எரியக்கூடியவை பெரும்பாலும் அதே அடுப்புக்குள் போயின. ஆகவே வீட்டுக் குப்பை என்று வெளியே வந்ததில் பெரும்பகுதி சாம்பலாகவும், மீதி எரியாத பொருள்களாகவும் இருந்தது. மெத்தை போன்ற அந்தச் சாம்பலில் விழுந்த பாட்டில் உடையவில்லை. அடுத்த வண்டியின் சாம்பல் அதை மூடியது. இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வீட்டுக் கழிவுகளை அள்ளி அகற்றும் வேலை உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கு வந்தபோது, ஊர்க் குப்பை முழுவதும் ஒரே இடத்தில் சேரத் தொடங்கியது. கைவிடப்பட்ட கல்குவாரி, செங்கல் சூளைக்காகக் களிமண் எடுத்த பள்ளம், ஆற்றோரச் சதுப்பு நிலம் என்று எங்கெல்லாம் குழி இருந்ததோ அங்கெல்லாம் அது நிரப்பப்பட்டது.

[திரையில்: ஒரே இடத்தின் இரண்டு பழைய நில அளவை வரைபடங்கள், அடுத்தடுத்து.]

அனுபவம் உள்ளவர்கள் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். பிரிட்டனின் நில அளவைத் துறை 19-ஆம் நூற்றாண்டிலேயே மிக நுணுக்கமான வரைபடங்களை வெளியிட்டு, அவற்றைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் திருத்தியும் வந்தது. ஒரு பதிப்பில் களிமண் பள்ளம் என்று குறிக்கப்பட்ட இடம் அடுத்த பதிப்பில் வெறும் சமதளமாகக் காட்டப்பட்டிருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டோ நிரப்பியிருக்கிறார்கள் என்பது தெளிவு. பிறகு இடத்துக்கு நேரில் சென்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் காஞ்சொறியைப் போலத் தொட்டால் அரிக்கும் நெட்டில் என்ற செடி, பாஸ்பேட் மிகுந்த நிலத்தில் அடர்ந்து வளரும். எலும்பும் சாம்பலும் புதைந்த இடங்களில் அது கொழித்துக் கிடப்பதைக் காணலாம். முயல் வளை தோண்டி வெளியே தள்ளிய மண் கறுத்திருந்து, அதில் நீலப் பூப்போட்ட பீங்கான் சில்லு ஒன்றும் கிடந்தால், தோண்டுபவருக்கு வேண்டிய வேலையில் பாதியை முயலே செய்து கொடுத்துவிட்டது என்று பொருள். அதன்பின் கூர்மையான நீண்ட இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கிப் பார்க்கிறார்கள். களிமண்ணில் கம்பி இறுகி நிற்கும். சாம்பலில் கரகரவென்ற ஓசையுடன் இறங்கும். கண்ணாடியைத் தொட்டால் அந்த அதிர்வு கைக்கே தெரியும்.

[திரையில்: மேசைமேல் மூன்று பாட்டில்கள். ஒரு கை முதல் பாட்டிலை எடுக்கிறது.]

இனி வயதைக் கணிக்கும் கலைக்கு வருவோம். என் கையில் உள்ள இந்தப் பாட்டிலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துகிறேன். நகத்தில் ஒரு மெல்லிய மேடு தட்டுப்படுகிறது. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் உருவான இணைப்புக் கோடு அது. கழுத்துவரை என் நகத்தோடு வரும் அந்தக் கோடு, வாய் விளிம்புக்குச் சற்றுக் கீழே திடீரென மறைந்துவிடுகிறது. காரணம், இது மனித மூச்சால் அச்சுக்குள் ஊதப்பட்ட பாட்டில். உடல் உருவான பிறகு வாயைத் தனியாகச் சூடாக்கி, கருவியால் சுழற்றி வழவழப்பாக்கும்போது கோடு அழிந்துபோனது. இரண்டாவது பாட்டிலில் அதே கோடு விளிம்பின் உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்குகிறது. இது இயந்திரத்தில் பிறந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் உருவாக்கிய தானியங்கிப் பாட்டில் இயந்திரம் 1903-இல் வெற்றிகரமாக இயங்கத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் ஊதுகுழலோடு நின்ற கைத்தொழிலாளர்களின் இடத்தை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. கோடு எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு பிந்தையது என்று ஒரு கணக்கு, சேகரிப்பாளர்களிடையே வாய்மொழியாக நெடுங்காலமாக உலவுகிறது. அது சரியன்று. கோடு எங்கே நிற்கிறது என்பது, வாயைச் செம்மைப்படுத்திய தொழிலாளி தன் கருவியை எவ்வளவு தூரம் இறக்கினார் என்பதைப் பொறுத்ததே தவிர ஆண்டைப் பொறுத்ததன்று. அதேபோல், கோடே இல்லாத பாட்டில் மிகப் பழையது என்றும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. அச்சுக்குள் பாட்டிலைச் சுழற்றிக் கோட்டை முழுவதுமாகத் தேய்த்து அழிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுப் பாட்டில்களுக்குப் பரவலாகப் பயன்பட்டது. மூன்றாவதாக இங்கே இருக்கும் பாட்டில் அந்த வகை. முறையாகக் கணிக்க விரும்புபவர் கோடு, தயாரிப்பின்போது அடிப்பாகத்தில் பதிந்த தழும்பு, வாயின் வடிவம், புடைப்பெழுத்துகள், அது கிடந்த அடுக்கில் உடன் கிடந்த பொருள்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நிறமும் ஏமாற்றக்கூடியதுதான். மணலில் உள்ள இரும்பின் காரணமாகச் சாதாரணக் கண்ணாடிக்கு இயல்பாகவே பசுமையும் நீலமும் கலந்த சாயல் வந்துவிடும். அதை நீக்கி நிறமற்ற கண்ணாடி பெறுவதற்காக மாங்கனீசு சேர்த்தார்கள். அந்த மாங்கனீசு நெடுநாள் வெயில் பட்டால் ஊதா நிறமாக மாறும். புதைந்து கிடந்த பாட்டிலுக்கு வெயில் படாது என்பதால், சந்தையில் யாராவது ஆழ்ந்த ஊதா நிறப் பாட்டிலைக் காட்டிக் குழியிலிருந்து அப்படியே எடுத்தது என்று சொன்னால், அது செயற்கைக் கதிர்வீச்சில் நிறம் ஏற்றப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயம் நமக்கு எழ வேண்டும். மண்ணுக்கடியில் உண்மையாகவே நிகழ்வது வேறொரு மாற்றம். ஈரம் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து காரப் பொருள்களைக் கரைத்தெடுக்க, எஞ்சிய மேற்பரப்பு மிக மெல்லிய படலங்களாகப் பிரிகிறது. அவற்றில் ஒளி பட்டுச் சிதறும்போது மயில் கழுத்தின் மினுமினுப்பு தோன்றுகிறது. இது கண்ணாடிக்கு வந்த நோய் என்றாலும், எனக்கு என்னவோ தேய்த்துப் பளபளப்பாக்கிய பாட்டிலைவிட இந்த நோயாளியையே பிடிக்கிறது.

[திரையில்: கழுத்தில் கண்ணாடிக் கோலி உள்ள, கடல்நீர் நிறப் பாட்டில்.]

அடுத்து வரும் பாட்டிலைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நம்முடைய கோலி சோடா பாட்டில்தான். இதன் பிறப்பிடம் இங்கிலாந்து. காற்றடைத்த பானங்களுக்குத் தக்கை போட்டால், தக்கை காய்ந்து சுருங்கிக் காற்று வெளியேறிவிடும் என்ற தொல்லை அதற்கு முன் இருந்தது. அதைத் தவிர்ப்பதற்காகவே, நிற்கவைக்க முடியாதபடி அடிப்பாகம் முட்டையைப்போல் கூம்பிய பாட்டில்களைச் செய்து, அவற்றைப் படுக்கையாகவே வைத்துத் தக்கையை நனைந்தபடி காத்தார்கள். ஹைரம் காட் என்ற பொறியாளர் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் தக்கையையே தேவையற்றதாக்கியது. பானத்தை நிரப்பியதும் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால், உள்ளே உள்ள கோலி கழுத்துக்கு இறங்கி அங்குள்ள ரப்பர் வளையத்தில் பொருந்தும். காற்றழுத்தம் அதை அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திறப்பதற்கு அழுத்தினால் போதும். ஊற்றும்போது கோலி மறுபடியும் வாயை அடைக்காமலிருக்க, கழுத்தில் இரண்டு குழிவுகளை அமைத்தார்கள். கோலி அவற்றில் சாய்ந்து நிற்கும். பாட்டிலை எந்தப் பக்கம் திருப்பிச் சாய்க்க வேண்டும் என்று தெரியாமல் சோடா வராமல் விழித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆங்கிலத்தில் வெற்றுப் பேச்சைக் குறிக்கும் காட்ஸ்வாலப் என்ற சொல் இவர் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை என்பதால் அந்தக் கதையையே ஒரு காட்ஸ்வாலப் என்று கொள்ளலாம்.

யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லியைச் சுற்றியிருந்த கண்ணாடித் தொழிற்சாலைகள் இவற்றை ஏராளமாக உற்பத்தி செய்தன. ஆயினும் குப்பைமேடுகளில் கோலிப் பாட்டில் முழுதாகக் கிடைப்பது குறைவு. கழுத்து உடைந்தவையே மிகுதி. இதற்குச் சாம்பலைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கோலிக்கு ஆசைப்பட்டு அந்தக் காலத்துச் சிறுவர்களே உடைத்துவிட்டார்கள். அடர்நீலக் கண்ணாடியில் செய்யப்பட்டவை இன்னும் அரிது.

கோலிப் பாட்டிலுக்கு அடுத்தபடியாகத் தோண்டுபவர்கள் மதிப்பது நச்சுப் பாட்டில்களை. அறுகோண வடிவில், அடர்நீலத்திலோ பச்சையிலோ, பக்கங்களில் வரிவரியாக மேடுகளுடன், உட்கொள்ளக் கூடாது என்ற பொருள்தரும் ஆங்கிலப் புடைப்பெழுத்துகளோடு அவை கிடைக்கும். இருட்டில் மருந்துக் குப்பியைத் தேடும் கை, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தொடுகையால் நஞ்சை உணர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குழந்தைகளுக்கான பாலூட்டும் பாட்டில்களும் கிடைக்கின்றன. தட்டையான கண்ணாடி உடலிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் ஒன்று போகும் வகை அது. அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியே இல்லாததால் அதில் கிருமிகள் பெருகின. மருத்துவர்கள் கண்டித்தும் விற்பனை தொடர்ந்தது. பிரான்ஸ் 1910-இல் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. மற்ற பாட்டில்களைக் கழுவி அலமாரியில் வைக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி இதைக் கழுவும்போது ஏற்படுவதில்லை.

[திரையில்: இடிந்து சரிந்த குழி. அருகில் யாரும் இல்லை.]

ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். சாம்பலுக்குப் பிடிமானம் கிடையாது. நல்ல பாட்டில்கள் ஒரே அடுக்கில் வரிசையாக வரத் தொடங்கியதும், மேலிருந்து மண்ணை அகற்றும் பொறுமை இல்லாமல் அந்த அடுக்கை மட்டும் பக்கவாட்டில் குடைந்துகொண்டு போவார்கள். தலைக்குமேல் தாங்கலின்றி நிற்பது ஒரு கனமீட்டர் மண் என்றாலே சுமார் ஒன்றரை டன் எடை. அது சரியும்போது ஓடுவதற்கு நேரம் இருக்காது. ஆகவே குடையக் கூடாது, தனியாகத் தோண்டக் கூடாது, ஆழமான குழிக்குப் படிபோல் சரிவு வெட்ட வேண்டும். உடைந்த கண்ணாடிக்காகத் தடித்த கையுறையும், துருப்பிடித்த இரும்பின் காரணமாக முன்கூட்டியே போட்டுக்கொண்ட டெட்டனஸ் தடுப்பூசியும், ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கக்கூடிய தூசிக்காகப் பொருத்தமான முகக்கவசமும் அவசியம். மூடியோடு, உள்ளே ஏதோ திரவத்தோடு கிடைக்கும் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நச்சுப் பாட்டிலின் வரிமேடுகளை மறுபடியும் தடவிப் பார்க்கச் சொல்லலாம்.

சட்டமும் உண்டு. எவருடைய நிலமானாலும் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தோண்டுவது அத்துமீறல். எடுத்துச் செல்வது திருட்டாகவும் ஆகலாம். பிரிட்டனில் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களுக்கு 1979-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அதே 1979-இல் அமெரிக்கா இயற்றிய தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், கூட்டாட்சி அரசின் நிலங்களில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்லியல் பொருள்களை அனுமதியின்றி எடுப்பதைக் குற்றமாக்குகிறது. தொல்லியலாளர்களின் மனக்குறை இதைவிட ஆழமானது. பாட்டிலை வெளியே எடுத்த கணத்தில் அது எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆழத்தை ஒரு அளவுநாடாவால் அளந்து, உடன் கிடந்தவற்றோடு ஒரு புகைப்படம் எடுத்து, குறிப்பேட்டில் நான்கு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் பாட்டிலை மட்டும் பையில் போட்டுக்கொள்பவருக்கு மேலே சொன்ன வயதுக் கணிப்பில் பாதி கைக்கு எட்டாமலே போய்விடுகிறது.

[திரையில்: சேற்று ஆற்றங்கரை. அலை பின்வாங்குகிறது.]

தோண்டாமலே பாட்டில்கள் வெளிவரும் இடமும் உண்டு. லண்டனின் குப்பை படகுகளில் ஏற்றப்பட்டுத் தேம்ஸ் ஆற்றின் வழியாக எசெக்ஸ், கென்ட் கரைகளுக்குப் போயிற்று. அதிலிருந்த சாம்பலைச் சலித்துச் செங்கல் மண்ணில் கலந்தார்கள், மிஞ்சியதைக் கரையோரச் சதுப்பில் கொட்டினார்கள். எசெக்ஸின் கிழக்கு டில்பரியில் அப்படி நிரப்பப்பட்ட கரையை ஆறு இப்போது அரித்துக்கொண்டிருக்கிறது. கடலின் ஏற்றவற்றமான ஓதம் ஒவ்வொரு முறை வற்றும்போதும் மருந்துக் குப்பிகளும் மைப் புட்டிகளும் பீங்கான் சில்லுகளும் சேற்றில் பரவிக் கிடக்கின்றன. அவற்றோடு, அதே குப்பையில் புதைத்த ஈயமும் பிற மாசுகளும் ஆற்றில் கலக்கின்றன என்பதால், அரிப்பைத் தடுப்பது எப்படி என்ற ஆய்வு அங்கே நடக்கிறது. அடுத்த ஓதம் ஏறியதும் குப்பிகளில் சில மறுபடியும் நீருக்கடியில் போய்விடும்.