ஐஸ் பெட்டிக்குள் ஒரு மணி நேரம்

வணக்கம். வீட்டிலேயே தானியத்திலிருந்து பீர் காய்ச்சுவதற்கான சாமான்களைக் குறைந்த செலவில் செய்துகொள்வது எப்படி என்று இன்றைக்குப் பேசப்போகிறேன். நான் அமெரிக்காவில் இருப்பதால் இங்கே உள்ள நிலவரத்தை வைத்துத்தான் சொல்கிறேன், அதனால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1978 அக்டோபரில் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் வரி இல்லாமல் போனது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 100 கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்), இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டு, கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் சம்மதித்தன. சாராயம் வடிப்பது வேறு விஷயம், அது இங்கேயும் குற்றம். தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அங்கே வீட்டில் காய்ச்ச இடம் கொடுக்கவில்லை.

சரி, சாமானுக்கு வருவோம். கடையில் விற்கும் மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டிய தானியத்திலிருந்து ஏற்கெனவே எடுத்துவைத்த சாற்றை, கரைத்துக் காய்ச்சுவது சுலபம், ஒரு பெரிய பாத்திரம் போதும். முழுத் தானியத்தில் இறங்கலாம் என்று நினைப்பவர்களைப் பயமுறுத்துவது பளபளவென்று மூன்று எவர்சில்வர் அண்டாக்களும் பம்பும் வைத்து ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கும் செட்டுகள்தான். அவ்வளவும் தேவையே இல்லை என்பதுதான் என் கட்சி. தானியம் நம்மிடம் கேட்பது இரண்டே விஷயம்: ஒரு மணி நேரம் சூடு இறங்காமல் இருக்க வேண்டும், அப்புறம் சக்கையை விட்டுச் சாறு மட்டும் வெளியே வர வேண்டும்.

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதற்குள்ளேயே உருவாகின்றன. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து 65லிருந்து 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஊறவைத்தால் அந்த நொதிகள் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். சூடு கொஞ்சம் குறைவாக இருந்தால், பிறகு சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் முழுசாகத் தின்னக்கூடிய சர்க்கரை கிடைக்கும், பீர் லேசாக இருக்கும். கூடினால் ஈஸ்ட் தொடாத சர்க்கரை மிச்சமாகி, வாயில் கனமாக நிற்கும்.

இந்தச் சூட்டைப் பிடித்துவைக்க விளையாட்டு மைதானங்களில் தண்ணீர் வைக்கும் அந்த 10 கேலன் உருண்டைக் கூலர், அதாவது ஐஸ் பெட்டி, போதும். குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் விடாது. பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் எனக்கு 15 டாலருக்குக் கிடைத்தது. அதன் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் அரை அங்குல பால் வால்வு (ball valve, திறந்து மூடும் உலோகக் குழாய்) ஒன்றைச் சிலிகான் வாஷர் போட்டு மாட்டினேன். வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் சொட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். தானியம் போட்ட பிறகு சொட்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளே வடிகட்டி வேண்டும். இதற்கு நான் பயன்படுத்துவது, வாஷ் பேசினுக்கு அடியில் தண்ணீர் கொண்டுவரும், மேலே எவர்சில்வர் கம்பி பின்னிய ஹோஸ். இரண்டு முனையையும் ஆக்சா பிளேடால் அறுத்து, பின்னலை இரண்டு பக்கமும் உள்நோக்கித் தள்ளினால் அது கொஞ்சம் உப்பும். அப்போது நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை உருவிவிடலாம். கையில் மிஞ்சுவது வலைபோன்ற ஒரு நீளப் பை. ஒரு முனையை மூன்று மடிப்பு மடித்து நசுக்கிவிட்டு, இன்னொரு முனையை வால்வில் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கும்போது நிஜமான எவர்சில்வர்தானா என்று பாருங்கள். நான் முதலில் வாங்கியது சாம்பல் நிறம் பூசிய பிளாஸ்டிக் பின்னல். சூட்டில் துவண்டு தட்டையாகி, ஐந்து கிலோ தானியத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சொட்டுகூட விடவில்லை.

உண்மையில் வடிகட்டும் வேலையைச் செய்வது பார்லியின் உமிதான், கம்பிப் பின்னல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால்தான் மிக்சியில் அரைக்காதீர்கள் என்கிறேன். உமி தூளானால் எல்லாம் களியாகிவிடும். உள்ளே இருப்பது நொய்போல உடைய வேண்டும், உமி முழுசாக இருக்க வேண்டும். தானியம் விற்கும் கடையிலேயே உடைத்துத் தருவார்கள். கோதுமை நிறையச் சேர்த்தால் அதற்கு உமி கிடையாது, அப்போது ஒன்றிரண்டு பிடி நெல் உமியைக் கழுவிக் கலந்துகொள்வது இங்கே எல்லோரும் செய்வது. நம் ஊரில் அடுப்புக்குப் போகும் உமியை இங்கே காசு கொடுத்துப் பொட்டலமாக வாங்கியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கணக்கையும் சொல்கிறேன். 5 கிலோ தானியத்துக்கு 15 லிட்டர் தண்ணீர். தானியம் அறைச் சூட்டில், அதாவது 20 டிகிரியில் இருந்தால், தண்ணீரை 73 அல்லது 74க்குக் கொண்டுவந்து கலந்தால் 67இல் வந்து நிற்கும். அதற்கு முன்னால் கூலருக்குள் வெந்நீர் ஊற்றி அதையும் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கே இரண்டு மூன்று டிகிரியைத் தின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து, முதலில் வரும் கலங்கல் இரண்டு லிட்டரை மெதுவாக மேலேயே திருப்பி ஊற்றி, தெளிந்ததும் வடியுங்கள். கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைத் தானியம் குடித்துவிடும், ஆக 10 லிட்டர் வரும். திரும்பவும் 80 டிகிரியில் 15 லிட்டர் ஊற்றிக் கிளறி வடித்தால், மொத்தம் 25.

காய்ச்சுவதற்கு, முழு வான்கோழியைப் பொரிக்க விற்கும் 30 குவார்ட் (சுமார் 28 லிட்டர்) அலுமினிய அண்டாவும் அதோடு வரும் கேஸ் அடுப்பும் போதும். நவம்பரில் வான்கோழி சமைக்கும் நன்றி நவிலும் நாள் (Thanksgiving) முடிந்ததும் விலை குறையும். அந்த அடுப்பைக் கராஜுக்குள்ளே வைத்து எரிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும், திறந்த வெளியில்தான்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்றுண்டு, தெர்மாமீட்டர். என்னுடைய மலிவான முள் தெர்மாமீட்டர் 4 டிகிரி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. 67 என்று நம்பி நான் 71இல் ஊறவைத்துக் காய்ச்சிய மூன்று முறையும் பீர் தித்திப்பாகவே நின்றுவிட்டது. ஈஸ்ட் சரியில்லை என்று கடை கடையாக மாற்றினேன். கடைசியில் உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்து அதில் முள்ளை வைத்தபோதுதான் தெரிந்தது, பூஜ்யம் காட்ட வேண்டியது கழித்தல் 4 காட்டியது. இப்போது ஒவ்வொரு முறையும் ஐஸில் ஒரு தடவை, கொதிநீரில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். கூடவே ஒரு வெள்ளைச் சாசரில் ஒரு சொட்டுச் சாறு விட்டு அயோடின் வைத்துப் பார்க்கிறேன், பள்ளிக்கூடத்தில் சோற்றுக்கு வைத்த அதே சோதனை. நீலக்கறுப்பாக மாறினால் மாவு மிச்சமிருக்கிறது, இன்னும் பதினைந்து நிமிஷம் மூடிவைக்கலாம். சோதித்த சொட்டைச் சாக்கடையில் கொட்டுங்கள், திரும்ப ஊற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் சக்கையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், மறுநாள் வரை விட்டால் புளித்து நாறும். அப்புறம் கூலரைக் கழுவி, வடிகட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள்.