கூடம் கோணல்தான்

அனைவருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகம் செய்தவர் "தொலைக்காட்சிப் புகழ்" என்று ஒரு அடைமொழி சேர்த்தார். ஆறாவது சுற்றில் வெளியேறியவனுக்கு அது கொஞ்சம் அதிகம். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். சமையல் எனக்கு ஆசை, தொழில் இல்லை. வீட்டில் சமைத்ததை நாலு பேர் பாராட்டியதும் ஒரு தைரியம் வருகிறதே, அது பொல்லாதது. அதை நம்பித்தான் ஒரு தொலைக்காட்சிச் சமையல் போட்டிக்கு விண்ணப்பம் போட்டேன்.

தோற்றுத் திரும்பிய அன்று என் அக்கா கேட்டது இதுதான்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையாடா உன் கதை?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து நான் அந்தப் போட்டி அடுப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த அடுப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. தீயைக் கண்ணால் பார்த்து, கூட்டிக் குறைத்துப் பழகியவன் நான். அங்கே இண்டக்‌ஷன். தீயே கிடையாது, ஒரு எண்தான் தெரியும். வாணலியின் அடிதான் சூடாகும். தீ நாக்கு பக்கவாட்டில் ஏறிச் சுடுவதெல்லாம் அங்கே நடக்காது. வாணலியைத் தூக்கிக் குலுக்கிப் போடுவது என் பழக்கம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பாத்திரம் இல்லை என்று அடுப்பு கீச்சென்று கத்தும். கத்தியதும் ஒரு கேமரா என் பக்கம் திரும்பும். முதல் சுற்று முழுக்க இதேதான்.

அதையாவது பழகிக்கொள்ளலாம். காது போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெங்காயம் வதங்குவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் தெரிந்துகொள்பவன் நான். ஈரம் இருக்கும்போது ஒரு சத்தம், வற்றியதும் வேறு சத்தம். அரங்கில் குளிர்சாதன இரைச்சல், பக்கத்து மேசையில் மிக்ஸி, நேரத்தைக் கூவிச் சொல்லும் ஒருவர். இதற்கு நடுவில் வெங்காயம் சொல்வது எங்கே கேட்கப் போகிறது?

இரண்டாவது சுற்றில் காளான். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னமும் கனவில் வருகிறது. காளானில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது தெரிந்தவன்தான் நான். ஆனால் 19 நிமிடம் பாக்கி என்று கூவினார்கள். ஒரு தட்டுக் காளானையும் ஒரே வாணலியில் கொட்டிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் வாணலி குளமாகிவிட்டது. தண்ணீர் இருக்கும்வரை வாணலிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமாகி அந்த மணம் எழ வேண்டுமானால் கிட்டத்தட்ட 140 வேண்டும். 1912-லேயே லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த விஷயம் இது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாம்பல் நிறத்தில், ரப்பர் போல, காளான் வெந்துகொண்டிருந்தது. பாதியைக் கரண்டியால் அள்ளி வெளியே வைத்து, நீரை வடித்து, மிச்சத்தை மட்டும் வறுத்தெடுத்தேன். தட்டில் போனது ஒரு கைப்பிடிதான். அன்று இன்னொருவரின் இறைச்சி நடுவில் பச்சையாக இருந்ததால் நான் பிழைத்தேன். அதை வெற்றி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எல்லோரும் கேட்பது: "கடிகாரம் நிஜமா?" நான் கலந்துகொண்ட போட்டியில் கடிகாரம் நிஜம். மற்றதெல்லாம் கொஞ்சம் இழுபறி. கதவைத் திறந்து நடந்து வருவதை மூன்று முறை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, "இப்போ காளானைப் போடுறேன், மனசு திக்திக்னு அடிக்குது" என்று நிகழ்காலத்தில் பேச வேண்டும். சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். அதன் வாசனையைப் பற்றி யாரும் கேட்காதீர்கள். ஒளிபரப்பில் நான் தலையைக் கவிழ்த்து நிற்க, சோக இசை வருகிறது. உண்மையில் கீழே விழுந்த கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அங்கே எல்லாமே பழங்கஞ்சிதான். மணி அடித்து, தட்டுகளைப் படமெடுத்து, ஒவ்வொருவராக அழைத்து, என் முறை வர முக்கால் மணி நேரம். ஆறினால் சுவையே மாறிவிடும். உருகிய ஐஸ்கிரீமை வாயில் வைத்தவர்களுக்குத் தெரியும், திகட்டும். குளிர்ந்திருக்கும்போது இனிப்பு நாக்குக்கு மட்டுப்படுகிறது என்பதால்தான் அதில் அவ்வளவு சர்க்கரை போடுகிறார்கள். வெண்ணெய் சேர்த்த சாஸ் ஆறினால் உறைந்து மெழுகாகிவிடும். இது புரிந்ததும் வெண்ணெயைக் குறைத்துப் புளிப்பைக் கூட்டினேன். நாங்கள் சமைக்கும்போதே நடுவர்கள் மேசை மேசையாக வந்து ருசி பார்ப்பதும் இதற்காகத்தான். மூன்று சுற்று வரை அவர்கள் வந்தால் நான் குனிந்துகொள்வேன். நாலாவதில்தான் ஒரு கரண்டியை நீட்டக் கற்றுக்கொண்டேன்.

இந்த விளையாட்டு 1990-ல் பிபிசியில் மாஸ்டர்செஃப் என்று தொடங்கியது. 2009-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பெரிதாக வெடித்தது. முதல் ஆண்டு வென்ற ஜூலி குட்வின் வீட்டில் சமைத்துவந்தவர். அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் நான் போட்டுப் போட்டுப் பார்த்தது 2012-ல் அமெரிக்காவில் வென்ற கிறிஸ்டின் ஹாவின் காட்சிகளை. அவருக்குப் பார்வை இல்லை. ஒருமுறை ஆப்பிள் பை செய்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று கலங்கி நின்றார். நடுவர் கார்டன் ராம்சே அதன் மேலோட்டைக் கத்தியால் சுரண்டி, அந்த மொறுமொறுப்பை அவர் காதுக்குக் கேட்க வைத்தார். பார்த்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கும் அந்த அடுப்பு புதிதுதானே? அதே இரைச்சல்தானே? விரலாலும் மூக்காலும் காதாலும் அந்தக் கூடத்தை அளந்துவிட்டு ஆடியிருக்கிறார். நான் என் வீட்டுக் கூடத்தையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா, நீ சொன்னது பாதிதான் சரி. கூடம் கோணல்தான். எனக்கு என் அடுப்பில்தான் சமைக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு போட்டி நாளில் முதல் வேலையாக வெறும் வாணலியை வைத்து, எந்த எண்ணில் தண்ணீர்த் துளி உருண்டு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டேன். அரை நிமிடச் செலவு. நாலாவது, ஐந்தாவது சுற்றுகள் அதனால்தான் கடந்தன.

ஆறாவது சுற்று மீன். தோல் மொறுமொறுவென்று வந்தது. சாஸ், என் வாழ்நாளில் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. தட்டை அலங்கரித்துக் கையை உயர்த்திய பிறகு திரும்பிப் பார்த்தால், சாஸ் அடுப்பில் இருக்கிறது. தட்டில் ஒரு சொட்டு இல்லை. நடுவர் மீனைச் சாப்பிட்டுவிட்டு, "இது எதையோ தேடுகிறதே" என்றார். நான் பின்னால் கைகாட்டினேன். போட்டி விதி விதிதான்.

முடிவை ஒளிபரப்புவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பையை எடுக்க அரங்கத்துக்குத் திரும்பினேன். பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். விளக்கு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என் அடுப்பருகே நின்று, ரொட்டித் துண்டை அந்தச் சாஸில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

இன்னொரு துண்டைத் தோய்த்து வாயில் போட்டு, யோசித்து மென்றுவிட்டுச் சொன்னார்: "உப்பு ஒரு கல்லு தூக்கல்ணே."