காய்ச்சல் விட்டும் விடாத இருமல்

வணக்கம் நேயர்களே.

சாரல் தொடங்கிவிட்டது. விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் இந்த மாதங்களில் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “காய்ச்சல் விட்டுருச்சு டாக்டர், இருமல்தான் விடமாட்டேங்குது. மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குது.” வண்டன்மேட்டுப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கி வேலை செய்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு அழைப்பவர்களுக்காகவும் இன்று பேசுகிறேன்.

வைரஸ், மூச்சுக்குழாயின் உட்புறத் தோலை அரித்துவிடுகிறது. சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய இழைகள் அங்கே உதிர்ந்துபோகின்றன. காய்ச்சல் சில நாளில் தணிந்துவிடும். அந்த இழைகள் மறுபடி வளர வாரக்கணக்காகும். சிராய்த்த முழங்காலில் காற்றுப் பட்டாலே எரிகிறதல்லவா, அப்படித்தான் இதுவும். மலைக்குளிர், விறகடுப்புப் புகை, செடிக்கு அடிக்கும் மருந்தின் நெடி, எது பட்டாலும் இருமல் கிளம்பும். 3 முதல் 8 வாரம் வரைகூட இது இழுக்கும். இந்த இருமலுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறும். வெந்நீரும் ஒரு கரண்டித் தேனும் தொண்டைக்கு இதம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

ஆனால், 8 வாரம் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். காசநோய் மிகுந்த நாடு நம்முடையது. இருமல் 2 வாரம் தாண்டினாலே சளியைப் பரிசோதித்துவிட வேண்டும். சளியில் ரத்தம், உடல் மெலிவு, ராத்திரி வியர்வை என்றால் அந்த 2 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இரு மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலும் சோதனையும் மருந்தும் இலவசம். கேரளப் பக்கம் சிகிச்சை தொடங்கிவிட்டு ஊருக்கு இறங்கினாலும், காசநோய் சிகிச்சைக்கு அரசு பதிந்து தருகிற நிக்ஷய் எண்ணைச் சொன்னால் இந்தப் பக்கம் தொடரலாம். அந்த எண் உள்ள சீட்டைத் தொலைக்காதீர்கள்.

வாசனை தெரியாமல் போனதென்று வருகிறவர்களும் உண்டு. ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோரில் வேலை செய்பவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் தினம் இருவேளை, ஒவ்வொன்றாக நிதானமாக முகர்ந்து பழகுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். பலருக்கு மெல்ல மெல்லத் திரும்புகிறது.

இனி களைப்பு. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இதை யாரும் நம்புவதில்லை. கோவிட் வந்து சுமார் 3 மாதமாகியும், வேறு காரணம் எதுவும் இல்லாமல், குறைந்தது 2 மாதம் நீடிக்கும் களைப்பு, மூச்சிரைப்பு, கவனமின்மை முதலியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே தனி நோய்நிலையாக வரையறுத்தது. கோவிட் மட்டுமல்ல, மற்ற சளிக்காய்ச்சலும் இப்படி நீளும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், கோவிட் அல்லாத தொற்று வந்தவர்களுக்கும் 4 வாரம் கழித்து இருமல், வயிற்றுவலி போன்றவை இருந்தது தெரியவந்தது.

சிலருக்கு வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ எழுந்திருக்கவே முடியாது. இவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தால் நோய் இன்னும் நீளும். முடிகிற அளவில் பாதி செய்து, உட்கார்ந்து, பிறகு மீதி செய்வதுதான் வழி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

லீவு போட்டால் கூலி இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் கங்காணிமார்களையும் தோட்டக்காரர்களையும் கேட்கிறேன்: காய்ச்சலில் கிடந்து வந்தவரைச் சில வாரம் மருந்து அடிக்க அனுப்பாதீர்கள், மேட்டுச் சரிவில் சுமை தூக்க விடாதீர்கள், உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களே, அவர் ‘முடியல’ என்றால் நம்புங்கள். அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை வேறு யாராவது தூக்கலாம்.

நன்றி, வணக்கம்.