பார்சிலோனா: பாட்டுக்காகக் கட்டின மாளிகை

வணக்கம் மக்களே! பார்சிலோனாவுல இருந்து பேசுறேன். தெருவுல நின்னு பேசுறதால வண்டிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இந்த ஊருன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது சக்ராதா ஃபமீலியா தேவாலயம்தான். அங்க போயிட்டு வந்துட்டேன். 1882-ல அடிக்கல் நாட்டினது, அடுத்த வருஷமே பொறுப்பு கௌடிங்கிற கட்டடக் கலைஞர் கைக்கு வந்துருச்சு. 1926-ல ட்ராம் மோதி இறந்துபோற வரைக்கும் அந்த மனுஷன் அதை விடல. உள்ள தூண்கள் மரம் மாதிரி கிளை விட்டு மேல போகும். இந்த வளைவுகளை அவர் எப்படிக் கண்டுபிடிச்சார் தெரியுமா? வாசல்ல தோரணம் கட்டினா நடுவுல தானா ஒரு வளைவு விழும்ல? அதே மாதிரி கயித்துல சின்னச் சின்ன எடைப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாப் பார்த்தார். தொங்குறப்போ இழுவிசை, நிமிர்த்தி வச்சா அதுவே பாரம் தாங்குற வளைவு. கம்ப்யூட்டர் இல்லாத காலம்ங்க அது!

ஒரே ஒரு டிப்ஸ் சொல்றேன். டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துருங்க, காலை நேரமா இல்ல சாயந்திரமா பார்த்து எடுங்க. கிழக்குப் பக்கக் கண்ணாடி எல்லாம் நீலம், பச்சை. மேற்குப் பக்கம் ஆரஞ்சு, சிவப்பு. மத்தியானத்துல போனா அந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது.

சரி, இப்ப நான் நிக்கிற இந்த முக்கைப் பாருங்க. நாலு பக்கக் கட்டடமும் மூலையில சரிவா வெட்டின மாதிரி இருக்கா? எஷாம்பிளங்கிற இந்தப் பகுதி முழுக்க இப்படித்தான். பழைய ஊரு மதில் சுவருக்குள்ள நெருக்கியடிச்சுக் கிடந்துச்சு. காத்து, வெளிச்சம் இல்லாம நோய்ல ஜனங்க செத்தாங்க. 1854-ல மதிலை இடிக்க ஆரம்பிச்சாங்க. செர்தான்னு ஒரு இன்ஜினியர், தொழிலாளி குடும்பங்க எப்படி வாழுதுன்னு கணக்கெடுத்துட்டு, அதுக்கு அப்புறம்தான் இந்தத் திட்டத்தைப் போட்டார். தெரு 20 மீட்டர் அகலம், ஒவ்வொரு பிளாக்குக்கு நடுவுலயும் தோட்டம். மூலையை வெட்டினது வண்டி திரும்பவும், எதிர்ல வர்றது தெரியவும். தோட்டம் இருக்க வேண்டிய இடத்துல பின்னால கட்டடம் எழுப்பி வித்துட்டாங்க, அதை நினைச்சா எனக்குக் கோவமா வருது. மூலைகள் மட்டும் தப்பிச்சுது.

வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம். உங்களை நான் கூட்டிட்டுப் போக ஆசைப்பட்ட இடம் பழைய ஊர்ப் பக்கம் இருக்கு. இதோ, இந்தக் குறுகலான தெருவுல... பாருங்க! பலாவ் தெ லா மூசிகா கத்தலானா. கத்தலான் இசை மாளிகை. பார்சிலோனா இருக்கிற கத்தலோனியா பகுதியோட மொழிதான் கத்தலான். தொமேனெக் இ மொந்தனேர் வடிவமைச்சது, 1905-ல ஆரம்பிச்சு 1908-ல திறந்தாங்க. எந்த ராஜாவும் கட்டிக்கொடுக்கல. ஓர்ஃபெயோ கத்தலாங்கிற சேர்ந்திசைக் குழு தங்களுக்காகக் கட்டிக்கிட்ட இடம். அவங்க மொழியில, அவங்க பாட்டைப் பாடுறதுக்கு.

உள்ள போனதும் நான் அண்ணாந்து பார்த்தவன், ரொம்ப நேரம் கழுத்தை இறக்கவே இல்ல. கூரை நடுவுல வண்ணக் கண்ணாடியில ஒரு சூரியன், கீழ் நோக்கிச் சொட்டுற மாதிரி. ரெண்டு பக்கச் சுவரும் கண்ணாடிதான், பகல்ல விளக்கே வேணாம். அதனால பகல்லயே டூர் எடுங்க.

ஆனா இந்த அழகை விட என்னை உலுக்கினது வேற. ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில கத்தலான் மொழியைப் பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் எல்லாத்துலயும் இருந்து ஒதுக்கிட்டாங்க. 1960 மே மாசம், கவிஞர் ஜுவான் மரகாலோட நூற்றாண்டுக்கு இதே அரங்கத்துல ஒரு கச்சேரி. அவர் தங்கள் கொடியைப் பத்தி எழுதின பாட்டு, இந்தக் குழுவோட கீதமே அதுதான். அதைப் பாடக் கூடாதுன்னு அதிகாரிங்க தடை போட்டாங்க. மேடையில பாடல. பார்க்க வந்த ஜனங்க எந்திரிச்சு நின்னு பாடிட்டாங்க! போலீஸ் அடிச்சுது, இழுத்துட்டுப் போச்சு. அந்தச் சம்பவத்தை ஒட்டிக் கைதாகி ஜெயிலுக்குப் போன ஜோர்தி புஜோல், 1980-ல கத்தலோனியா அரசுக்கே தலைவர் ஆனார்.

மொழிக்காக ஜனங்க தெருவுக்கு வந்த ஊர்ல இருந்து வந்தவன் நான். அந்த நாற்காலி வரிசையைப் பார்த்தப்போ உடம்பு சிலிர்த்துருச்சு மக்களே, உண்மையாவே.

இங்க கடைக்குப் போனா "போன் தியா"ன்னு கத்தலான்ல வணக்கம் சொல்லிப் பாருங்க, முகம் எப்படி மலருதுன்னு தெரியும். எனக்கு இன்னைக்கு ராத்திரி இதே அரங்கத்துல கச்சேரிக்கு டிக்கெட் கிடைச்சிருக்கு, மேல் வரிசையில. உள்ள கேமரா எடுக்கப் போறதில்ல, முழுசா கேட்கணும். முடிச்சுட்டு வந்து சொல்றேன்.