விபத்துக்கு முன்னால் எடுத்த அளவு

மொரீசியஸ் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத் திட்டில் ஏறி நின்றதையும், ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கசிந்ததையும், கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து நம் மக்கள் மிதவைத் தடுப்புகள் தைத்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மீன்பிடித் தடையால் வலையை ஒதுக்கி வைத்திருந்த மீனவர்கள், மறுபடி எப்போது கடலுக்குப் போகலாம் என்று அறியத் தவித்தார்கள்.

அதற்கு விடை சொல்ல, மீன் சதையிலும் கடலடி மண்ணிலும் இன்று எவ்வளவு எண்ணெய்ச் சேர்மங்கள் இருக்கின்றன என்று ஆய்ந்தால் மட்டும் போதாது. கப்பல் வருவதற்கு முன் அதே இடத்தில் எவ்வளவு இருந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படகு இயந்திரங்களும் தெருவிலிருந்து வழியும் மழைநீரும் சிறிது சிறிதாக எண்ணெயைக் கடலில் சேர்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. பழைய அளவு கையில் இல்லாதவரால் புதிய சேதத்தை ஐயமற நிறுவவும் முடியாது, நீர் தேறிவிட்டதென்று உறுதி கூறவும் முடியாது. இழப்பீடு கேட்கும் மீனவருக்கும் மீன் வாங்கும் விடுதிக்காரருக்கும் ஆதாரம் அதுவே. ஆகவே, விபத்தே இல்லாத ஆண்டுகளில் பொறுமையாக எடுக்கப்படும் அளவுகளையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்.

லகோன் என்று நாம் சொல்லும், பவளத் திட்டுக்குள் அடங்கிய ஆழமற்ற கடலின் நலம் நிலத்தைச் சார்ந்தது. பெருமழைக்குப் பின் கரும்புத் தோட்டத்து உரமும் வீட்டுக் கழிவுநீரும் ஆறுகள் வழியாகவும், எரிமலைப் பாறையின் விரிசல்களூடே ஊறும் நிலத்தடி நீர் வழியாகவும் அங்கே வந்து சேர்கின்றன. இவற்றிலுள்ள நைட்ரேட் என்னும் சத்துப்பொருள் மிகுந்தால் பாசி செழித்துப் பவளத்தை மூடும். பவளம் மடிந்தால் அலையைத் தடுக்கும் மதில் தளர்ந்து, மணல் அரிபட்டு, கரையோர விடுதிகளின் பிழைப்பும் ஆட்டம் காணும். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி வெப்பம் கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் வெளுக்கத் தொடங்கிவிடும். 2016இல் நாமே அதைக் கண்டோம். செயற்கைக்கோள் காட்டுவது மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே என்பதால், லகோனுக்குள்ளேயே வெப்பமானிகளை நிறுத்தி வைப்பது அவசியம்.

இந்த அளவுகள் கோப்புகளில் உறங்காமல், மீன் இறக்கும் துறையிலேயே கிரியோல் மொழியில் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள். நீர் நிறம் மாறியதை முதலில் காண்பவர் மீனவர்தான். அவர் கண்ட செய்தியும், நாள், இடம் குறிக்கப்பட்டு, இந்த அளவுகள் பதியப்படும் பதிவேட்டிலேயே ஏற வேண்டும்.