சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைப்பது

வணக்கம். லேப்டாப்பை மூடி வைத்தால் அது தூங்கப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பேச வந்தது வேறொரு தூக்கத்தைப் பற்றி. கணினி மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்குள் வேலையில்லாத கேமராவும் ஒலிச் சில்லும் தனித்தனியாகத் தூங்கி எழுகின்றன. லினக்ஸில் இதற்கு ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் என்று பெயர். ரஃபேல் வைசாக்கி உருவாக்கிய இந்தக் கட்டமைப்பு 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்தது.

அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு சாதனத்துக்கும் கெர்னல் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கை வைத்திருக்கிறது. சாதனத்தைத் தொடும் முன், அதை இயக்கும் நிரலான டிரைவர் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும். பூஜ்யத்துக்கு வந்தால் தூங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பொதுவாக, கீழே இணைந்த சாதனங்கள் எல்லாம் தூங்கிய பிறகுதான் மேலே உள்ளது தூங்க முடியும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு செயலி கேமராவைத் திறக்கிறது என்று வையுங்கள். டிரைவர் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. சென்சார் பதில் சொல்லவில்லை. டிரைவர் பிழை என்று சொல்லித் திரும்பிவிடுகிறது, கூட்டியதைக் குறைக்காமலே. செயலியை மூடியாயிற்று, ஆனால் எண்ணிக்கை ஒன்றிலேயே நிற்கிறது. கேமரா தூங்காது. அது இணைந்த யூஎஸ்பி ஹப் தூங்காது, அதற்கும் மேலே உள்ள கன்ட்ரோலரும் தூங்காது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

இதை டிரைவர் எழுதுபவர்களின் அலட்சியம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பி.எம்.ரன்டைம்.கெட்.சிங்க் என்ற அழைப்பு, சாதனத்தை எழுப்ப முடியாமல் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டியே வைக்கும். தோற்றுப்போனதைத் திரும்பக் குறைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? எத்தனையோ டிரைவர்களில் இதே தவறு இருந்தது. அதனால்தான் 2020-இல், தோற்றால் தானே குறைத்துக்கொள்ளும் ரெஸ்யூம்.அண்ட்.கெட் என்ற புதிய அழைப்பைச் சேர்த்தார்கள். புதிதாக எழுதுபவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

நேரெதிர்த் தவறும் உண்டு. எண்ணிக்கையைச் சீக்கிரமே குறைத்துவிட்டு, தூங்கிப்போன சாதனத்தின் ரெஜிஸ்டரை, அதாவது அதற்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை, படிப்பது. பிசிஐ என்ற இணைப்பு வழியாகக் கணினியோடு சேர்ந்த சாதனமாக இருந்தால் பெரும்பாலும் எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பி வரும். டிரைவர் அதை உண்மையான தகவல் என்றே நம்பிவிடும். சில சில்லுகளில் கணினியே உறைந்து போகும். இரண்டில் எது மேல் என்றால், உறைந்து போவதே மேல் என்பேன். குறைந்தபட்சம் தவறு கண்ணில் படுகிறதே!

அப்புறம், எப்போது தூங்க வைப்பது? எழுப்புவதற்கும் விலை உண்டு. ஆழ்ந்த நிலையில் இருக்கும் பிசிஐ சாதனத்தை எழுப்பினால், பொதுவாக 10 மில்லி விநாடி காத்திருந்த பிறகே அதனோடு பேச வேண்டும். அதனால் வேலை முடிந்த உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார்கள். யூஎஸ்பி சாதனங்களுக்கு லினக்ஸில் அந்த இடைவெளி இயல்பாக 2 விநாடி. ஆனால் ஹப் தவிரப் பெரும்பாலான யூஎஸ்பி சாதனங்களுக்கு இந்தத் தூக்கம் தொடக்கத்தில் முடக்கியே இருக்கும். காரணம், தூங்கி ஒழுங்காக எழத் தெரியாத சாதனங்கள் சந்தையில் நிறைய. அதற்காக எல்லாவற்றையும் விழிக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எழாத சாதனத்தை மட்டும் அடையாளம் கண்டு விலக்கி வைக்கலாம்.

உங்கள் லினக்ஸ் கணினியிலேயே இதைப் பார்க்கலாம். சிஸ் (/sys) கோப்பமைப்பில் ஒவ்வொரு சாதனத்தின் கீழும் பவர் என்ற அடைவு இருக்கிறது. அங்கே கன்ட்ரோல் என்ற கோப்பில் 'ஆட்டோ' என்று இருந்தால் தூங்க அனுமதி உண்டு, 'ஆன்' என்று இருந்தால் இல்லை. அனுமதி இருந்தும், யாரும் பயன்படுத்தாத சாதனத்தின் ரன்டைம்.ஸ்டேட்டஸ் கோப்பு நெடுநேரம் 'ஆக்டிவ்' என்றே காட்டினால், முதலில் அதன் கீழே ஏதாவது விழித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரைவரைத் திறந்து, பிழை வந்தால் திரும்பும் வரிகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.