சினிமா வில்லன் கையில் இருக்கும் கிளாஸ் சுத்த வேஸ்ட்! போர்பன் விஸ்கியை ருசிப்பது எப்படி?

[திரையில்: பட்டை தீட்டிய கனமான கிளாஸ். உள்ளே மூன்று ஐஸ் கட்டிகள்.]

தமிழ் சினிமாவில் பணக்கார வில்லன் என்றால் என்னென்ன வேண்டும்? ஒரு பட்டு கவுன், வளைந்து இறங்கும் மாடிப்படி, கையில் இந்த மாதிரி ஒரு கிளாஸ். உள்ளே விலை உயர்ந்த சரக்கு, மேலே ஐஸ். ஆனால் அந்தச் சரக்கின் அருமையான வாசனை அவர் மூக்குக்குப் போய்ச் சேரவே இல்லை. பாவம், இவ்வளவு கடத்தல் பண்ணி என்ன பிரயோஜனம்? குற்றவாளி அந்த கிளாஸ்தான். ஏன் என்று பார்க்கலாம்.

வணக்கம் மக்களே. முதலில் ஒன்று. மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு. பாட்டிலில் ஒட்டியிருக்கிற வாசகம்தான், உண்மையும் அதுதான். 21 வயது ஆகாதவர்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுங்கள். குடிக்காதவர்கள் தாராளமாக இருக்கலாம், இதில் பாதி வேதியியல்தான். இன்று பேசப்போவது 30 மில்லி பற்றி மட்டுமே. குவார்ட்டர் கணக்கில் யோசிக்கிறவர்களுக்கு இந்த வீடியோ உதவாது.

சரி, போரடிக்கிற பகுதியை ஓட்டிவிடுகிறேன். போர்பன் என்று பெயர் போட அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பீப்பாய்க்குள் போகும்போது 62.5-ஐத் தாண்டக் கூடாது, பாட்டிலில் 40-க்குக் குறையக் கூடாது. நிறம், எசென்ஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. கென்டக்கி மாநிலத்தில்தான் செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை, ஆனால் பெரும்பாலும் அங்கேதான் செய்கிறார்கள். 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 'இது எங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு' என்று தீர்மானமே போட்டுவிட்டது. வரலாறு முடிந்தது.

இல்லை, ஒரு விதியை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். பீப்பாய். உள்பக்கம் தீ வைத்துக் கருக்கிய, புத்தம் புதிய ஓக் மரப் பீப்பாய்தான் வேண்டும். ஒரு தடவை போர்பன் வைத்த பீப்பாயில் மறுபடியும் போர்பன் வைக்க முடியாது. அப்போது பழைய பீப்பாய் எங்கே போகும்? பெரும்பகுதி ஸ்காட்லாந்துக்கு. அங்கே அதில் ஸ்காட்ச் ஊற்றி வருடக்கணக்கில் வைக்கிறார்கள். நம் பெங்களூரு அம்ருத், கோவா பால் ஜான் விஸ்கி ஆலைக்காரர்கள் கூட இந்தப் பீப்பாய்களை வாங்குகிறார்கள். ஃபில்டர் காபி போடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: போர்பன் முதல் டிகாஷன், ஸ்காட்ச் இரண்டாவது டிகாஷன். ஸ்காட்ச் ரசிகர்கள் கமெண்டில் திட்டலாம், நான் இங்கேதான் இருப்பேன்.

அந்த முதல் டிகாஷனில் என்ன இறங்குகிறது? தீ பட்டதும் மரத்திலுள்ள லிக்னின் உடைந்து வெனிலின் வருகிறது. ஐஸ்கிரீமில் வருகிற அதே வெனிலா வாசனை. மரத்தின் இன்னொரு பகுதியான ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாக உடைந்து கருகி, கேரமல் வாசனை தருகிறது. ஓக் லாக்டோன் என்று ஒன்று, அது தேங்காய் மணக்கும். யூஜினால் கிராம்பு மணக்கும். யாரும் எசென்ஸ் ஊற்றவில்லை, எல்லாம் மரம் கொடுத்தது. வடித்து இறக்கும்போது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருப்பது செம்பு நிறமாவதும் அந்தப் பீப்பாயால்தான்.

அப்புறம் இந்த 'கிராஃப்ட்' என்ற வார்த்தை. சின்ன ஆலையில் கொஞ்சமாகச் செய்கிறோம் என்று அர்த்தமாம். நல்லவர்கள் இருக்கிறார்கள். கென்டக்கியின் நியூபோர்ட் ஊரில் 2014-ல் ஆரம்பித்த நியூ ரிஃப் ஒரு உதாரணம். 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று 1897-ல் வந்த கடுமையான சட்டப்படி, ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது 4 வருடம் பீப்பாய், சரியாக 50 சதவீதம் ஆல்கஹால் என்று செய்கிறார்கள். ஆனால் லேபிளில் தாத்தா படம், குதிரை வண்டி, மலையடிவாரம் எல்லாம் போட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் 'டிஸ்டில்டு இன் இந்தியானா' என்று போட்டிருந்தால் உஷார். இந்தியானாவின் லாரன்ஸ்பர்க்கில் பழைய சீக்ராம் ஆலை ஒன்று இருக்கிறது, பிரம்மாண்டமானது. அங்கே மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரில் விற்கும் கம்பெனிகள் நிறைய. சரக்கு மட்டமில்லை, நன்றாகவே இருக்கும். தாத்தா கதைக்கு நாம் கொடுக்கிற கூடுதல் காசுதான் தண்டம். பின்பக்க லேபிளைப் படியுங்கள்.

[திரையில்: மூன்று கிளாஸ்கள் வரிசையாக]

இப்போது கிளாஸ். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

முதலாவது வில்லன் கிளாஸ், அகன்ற வாய் டம்ளர். ஐஸ் போட்டுக் குடிக்கவும், ஓல்ட் ஃபேஷன்ட் காக்டெயில் கலக்கவும் பிறந்தது. அதற்கு அது சரி. ஆனால் வாய் அகலமாக இருப்பதால் வாசனை தங்காது. ஐஸ் வேறு போட்டால் குளிரில் மிச்சம் மீதி வாசனையும் எழும்பாது.

இரண்டாவது கிளென்கெய்ர்ன். ஸ்காட்லாந்துக்காரர் ரேமண்ட் டேவிட்சன் வடிவமைத்து 2001-ல் சந்தைக்கு வந்தது. அடியில் கையால் பிடிக்கக் கனமான சின்னக் கால், நடுவில் குண்டு வயிறு, மேலே குறுகிய கழுத்து. ஸ்பெயினில் ஷெர்ரி ஒயினை மோந்து பார்க்கும் கோபிடா கிளாஸிலிருந்து வந்த யோசனை. வயிற்றில் சரக்கு அகலமாகப் பரவுவதால் நிறைய ஆவியாகிறது, கழுத்து அந்த ஆவியைக் கூட்டி மூக்குக்கு அனுப்புகிறது.

மூன்றாவதுதான் சண்டைக்காரன்: அமெரிக்காவின் நீட் கிளாஸ். பார்த்தால் எச்சில் பணிக்கம் மாதிரி இருக்கும், மன்னிக்கவும். வயிறு குண்டு, கழுத்து குறுகல், ஆனால் வாய் மறுபடியும் வெளிப்பக்கம் விரிகிறது. அவர்கள் வாதம் இது: குறுகிய வாய் நல்ல வாசனையோடு சேர்த்து ஆல்கஹால் ஆவியையும்தான் கூட்டி அனுப்புகிறது, அது மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், விரிந்த வாய் அதை ஓரமாகத் தள்ளிவிடும்.

இதில் யார் சொல்வது சரி? விஸ்கியில் இல்லை, ஒயினில் ஒரு அழகான ஆய்வு இருக்கிறது. 2015-ல் டோக்கியோவில் ஆல்கஹால் ஆவியையே படம் பிடிக்கும் ஒரு கேமரா செய்தார்கள். 13 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் ஒயினை ஒயின் கிளாஸில் ஊற்றிப் பார்த்தால், ஆவி விளிம்பைச் சுற்றி வளையம் போல நிற்கிறது, நடுவில் குறைவாக இருக்கிறது! அதே ஒயினை நேர் கிளாஸிலும் மார்டினி கிளாஸிலும் ஊற்றினால் வளையம் இல்லை. அதாவது கிளாஸின் வடிவம் வெறும் பந்தா இல்லை. இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், கிளாஸ் வாங்கியதற்கு வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே.

என் கட்சி கிளென்கெய்ர்ன். சரக்கு 60 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் நீட் கிளாஸ்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டுமே இல்லையா? சின்ன ஒயின் கிளாஸ் போதும்.

ருசிப்பது சுலபம். 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். ஒயின் மாதிரி போட்டுச் சுழற்றாதீர்கள், ஆல்கஹால்தான் கிளம்பி வரும். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். வாய் திறந்திருந்தால் காரம் அடிக்காது. முதல் மடக்கு நாக்குப் பழகுவதற்கு, அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாவது மடக்கை வாய்க்குள் மென்று பாருங்கள். சிரிக்காதீர்கள், ஜிம் பீம் ஆலையின் புக்கர் நோ சொல்லிக்கொடுத்த முறை, 'கென்டக்கி சூ' என்றே பெயர். விழுங்கியதும் நெஞ்சுக்குள் இதமாகப் பரவும் சூட்டுக்குக் 'கென்டக்கி ஹக்' என்று பெயர்.

அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். 'ராவா அடிக்கிறவன்தான் ஆம்பளை' என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. 2017-ல் ஸ்வீடனில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். குவையாகால் என்று புகை வாசனை தரும் மூலக்கூறு ஒன்று. ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது திரவத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. 45 சதவீதத்துக்கு இறக்கினால் மேற்பரப்புக்கு வருகிறது. ஆம்பளைத்தனத்துக்கு வாசனை தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

[திரையில்: மைக்ரோஸ்கோப் படம், சிலந்தி வலை போன்ற கோடுகள்]

கடைசியாக, நான் ரொம்ப ரசித்தது. கென்டக்கியின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் குழு போர்பனில் தண்ணீர் கலந்து 20, 25 சதவீதத்துக்கு இறக்கி, ஒரே ஒரு குட்டிச் சொட்டைக் கண்ணாடித் தகட்டில் காய விட்டார்கள். காய்ந்ததும் இப்படி வலை பின்னியிருக்கிறது. ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒவ்வொரு வலை. ஸ்காட்சில் இது வரவே இல்லை! காரணம் புதிதாகக் கருக்கிய பீப்பாய்தான். அதிலிருந்து இறங்கிய, தண்ணீரில் கரையாத பொருள்கள் சொட்டின் மேல் ஒரு தோலாகத் திரண்டு, சொட்டு சுருங்கும்போது மடிந்து கோடாகிவிடுகின்றன. போலிச் சரக்கைக் கண்டுபிடிக்கவும் இது உதவலாம் என்கிறார்கள்.

நம் நாட்டு விஸ்கி பலவற்றில் இருப்பது, கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து வரும் ஸ்பிரிட்தான். அதில் வலை வருமா? வராது என்பது என் பந்தயம். லேப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் யாராவது ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் படத்தைக் கமெண்டில் போடுங்கள். தோற்றால் அடுத்த வீடியோவில் ஒப்புக்கொள்கிறேன்.